நாற்பத்திரண்டாவது வீடும் ஒரு கேசட்டும்

பொன்னேரியில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிற பாஷா பாய் ஒரு நோட்டையும் பேனாவையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. பாய்க்கு ஐம்பது தாண்டிவிட்டது. டி.வி.யில் வயரைச் சொருகி ஓட்டுகிற அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்து, அவற்றோடு இந்தக் காலத்து மெமரி கார்டைச் சேர்த்துவிடுவதில் அவருக்குப் பைத்தியம். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்களாம்.

"யக்கா, கேசட்டை நீ காதால பார்த்த மாதிரி எவனும் பார்க்கல. எப்டிப் பண்ணேன்னு எழுதிக் குடு. நம்ம ஆளுங்களுக்கு உதவும்" என்றார்.

நான் மூன்றாவதோடு நின்றவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு வாரம் பிடிக்கிறது. புள்ளி எங்கே வைப்பது, எங்கே விடுவது என்பதைப் பாய் திருத்திக்கொள்வார். ஆனால் வேலையில் என்னைத் திருத்த ஒருவரும் இல்லை. அப்படித்தான் போன மாசி மாதம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் அந்த ஆபீஸ் இருந்தது. ஏரியில் எந்த மாதம் எந்த மீன் படுகிறது, எந்தக் குப்பத்தில் எத்தனை வீடு, யார் எங்கே வலை கட்டுகிறார்கள் என்று எழுதி வைக்கிற ஆபீஸ். பெருக்கித் தண்ணீர் எடுத்து வைக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் என்றால் இப்போது போல இல்லை. மூடி போட்ட மீன்தட்டு அளவில் ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். படம் தெரிய டி.வி. வேண்டும். எழுதியதைச் சேர்த்து வைக்க, பாட்டுக் கேட்கிற சாதாரண டேப் ரெக்கார்டர் வேண்டும். எழுதினது எல்லாம் சத்தமாக மாறிக் கேசட்டில் ஏறும். மறுநாள் அந்தச் சத்தத்தைத் திரும்பப் போட்டால் மிசின் கேட்டுப் புரிந்துகொள்ளும்.

புரிந்துகொண்டால் உண்டு. எங்கள் ஊர் உப்புக்காற்றில் பத்துக்கு நாலு தரம் புரிந்துகொள்ளாது. கிளார்க் ஒருத்தர் தலையில் அடித்துக்கொள்வார். அப்போதிருந்த முதல் ரெக்கார்டரில் சத்தம் வெளியேயும் கேட்கும்; நான் வாசலில் பெருக்கிக்கொண்டு இருப்பேன். சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும். நல்ல கேசட் என்றால் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரே சீராக இருக்கும். கெட்டுப்போகப் போகிறது என்றால் நடுவில் வாளிக்குள் நண்டு பிராண்டுவது போல ஒரு சத்தம் வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "சார், இது நிக்காது. நிறுத்திடுங்க" என்றேன். அவர் முறைத்தார். ஒரு நிமிஷத்தில் மிசின் நின்றுபோனது.

உள்ளே இருந்து வேதவல்லி மேடம் எழுந்து வந்தார். ஆபீஸுக்கு அவர்தான் பெரியவர். "கன்னியம்மா, கையைக் கழுவிட்டு வந்து உட்கார்" என்றார். அதற்குப் பிறகு நான் துடைப்பத்தை எடுத்தது என் வீட்டில்தான்.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான உடம்பு. குரலை உயர்த்தியதே இல்லை. டீ வந்தால் அதன்மேல் சாசரைக் கவிழ்த்து வைத்து ஆறவிடுவார். பிறகு ஆறிப்போனதைக் குடிப்பார். ஒரு வேலையை முடித்துக் கொண்டுபோய்க் காட்டினால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "இன்னொரு தரம்" என்பார். தப்பு இருந்தாலும் இன்னொரு தரம், தப்பு இல்லாவிட்டாலும் இன்னொரு தரம். கேசட்டின் முதல் பக்கம் ஒரு தரம் ஏற்ற வேண்டும். மறுபக்கம் அதையே இன்னொரு தரம் ஏற்ற வேண்டும். இரண்டையும் திரும்ப ஓட்டி, மிசினில் இருப்பதும் கேசட்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று மிசினையே பார்க்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கண்ணாடி முகத்துக்குப் போகும். "ஒரு தரம் எழுதினது எழுதாததுக்குச் சமம்" என்பார். பன்னிரண்டு வருஷத்தில் "நல்லா இருக்கு" என்று அவர் வாயில் இருந்து ஒரு தரம் கூட வந்ததில்லை. வராததில் எனக்கு ஒரு ரோஷம். இவர் சொல்லாவிட்டால் என்ன, எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

பாய் கேட்டது இதைத்தான், எழுதிவிடுகிறேன். முதலில், டேப் உரசிப் போகிற தலையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். பஞ்சில் பழுப்பு வராத வரைக்கும் துடைக்க வேண்டும். சத்தம் கூடினால் மிசினுக்குக் காது அடைத்துவிடும்; குறைந்தால் கேட்காது. எங்கள் ரெக்கார்டரில் சரியான இடத்தில் நகப்பாலீஷால் ஒரு பொட்டு வைத்திருந்தேன். தலைக்குப் பக்கத்தில் குட்டித் துளை ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு திருகாணி. அதை மயிரிழை திருப்பினால் தலை நேராகும், சத்தம் கூர்மையாகும். எந்த ரெக்கார்டரில் பதிந்ததோ அந்த ரெக்கார்டர் இல்லை என்றால் இந்தத் திருகாணிதான் தெய்வம். பிறகு வந்த ரெக்கார்டர்களில் வயரைச் சொருகிவிட்டால் அதன் சொந்த ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். சத்தம் எல்லாம் வயருக்குள்ளே போய்விடும், வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வராது. அதனால் திருகாணியைத் திருப்பும்போது வயரைப் பிடுங்கிவிட்டுக் காதால் கேட்க வேண்டும். சரியானதும் சொருக வேண்டும். கேசட்டுகளை நான் மூடி இறுகிய பிஸ்கட் டின்னில், வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு வைத்திருந்தேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் செய்தேன். அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கேசட்டின்மேல் ஒட்டியிருக்கிற லேபிளை என்னால் படிக்க முடியாது. மிசினில் எழுத்து எல்லாம் இங்கிலீஷ். எல், ஓ, ஏ, டி என்று கீபோர்டில் தட்டத் தெரியும், அவ்வளவுதான்; பெயர்களைக் கிளார்க் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லத் தட்டுவேன். அதனால் ஒவ்வொரு கேசட்டிலும் வயரைச் சொருகுவதற்கு முன்னால், ரெக்கார்டரின் மைக்கில் என் வாயால் பேசிவிடுவேன். இது இன்ன குப்பம், இத்தனை வீடு, இன்ன மாதம் என்று. அதன் பிறகுதான் மிசினின் சத்தம் ஏறும். திரும்பப் போடும்போது மிசின் என் பேச்சைச் சட்டை செய்யாது. தன் சத்தம் வருகிற வரைக்கும் சும்மா இருக்கும். "காது இருக்கிறவங்களுக்கு லேபிள்" என்று மேடம் அதை விட்டுவிட்டார்.

அவர் சொன்ன ஒன்றே ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை. அது பின்னால் வரும்.

மேடம் மாற்றலாகிப் போனார். ஆபீஸும் பொன்னேரிக்குப் போய்விட்டது. அங்கே புது மிசின்கள். நான் அங்கேயும் வேலை பார்த்து, வேலை வயது முடிந்து வந்தேன். பழைய கம்ப்யூட்டரை யாரும் கேட்கவில்லை; என் வீட்டுக்கு வந்துவிட்டது. கேசட்டுகளை வருஷா வருஷம் அழித்து அழித்து எழுதினதால், எங்கள் குப்பத்துப் பாடு லிஸ்ட்டில் கடைசியாகப் பதிந்த ஒரே ஒரு கேசட்தான் மிச்சம்.

பாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஏரியில் கழி நட்டு வலை கட்டுகிற இடங்கள் சில உண்டு. எல்லாரும் ஒரே நாளில் கட்ட முடியாது. குப்பத்தில் கல்யாணமாகி அடுப்பு வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. முறை வருகிற நாளில்தான் வலை. அதுதான் பாடு. லிஸ்ட்டில் பெயர் இருக்கிற வீடு பிழைக்கும். பெயர் இல்லாத வீட்டுக்கு ஏரி வெறும் தண்ணீர்தான். பிழைக்க வெளியூர் போனவன் கூடத் திரும்பி வந்து குப்பத்தில் அடுப்பு மூட்டினால் பாடு உண்டு, லிஸ்ட்டில் பெயர் இருந்தால்.

சுனாமியில் குப்பத்து நோட்டு போய்விட்டது. அப்போதிருந்த தலைவர் என்னைக் கேட்டார். நான் அந்தக் கேசட்டைப் போட்டு, பொன்னேரி ஆபீஸ் பிரிண்டரை இரவல் வாங்கிக் காகிதத்தில் அடித்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் புது நோட்டு எழுதினார்கள். இனிப் புது வீடு சேர்ப்பதில்லை, அப்பன் பெயரில்தான் மகனுக்கு முறை என்று அப்போதே முடிவு செய்ததால், அந்தப் பெயர்கள்தான் இன்றைக்கும். "கன்னியம்மா இல்லன்னா குப்பமே தடுமாறிப் போயிருக்கும்" என்று அவர் நாலு பேர் நடுவில் சொன்னார். மேடம் சொல்லாததை அவர் சொன்னார். ரொம்ப நாள் அந்த வார்த்தையில் உயரமாக நடந்தேன்.

இப்போது முருகேசன் விஷயம்.

முருகேசன் எங்கள் குப்பத்துத் தேசப்பனின் மகன். தேசப்பன் சுனாமிக்கு முன்னாலேயே பெண்டாட்டி பிள்ளையோடு மீஞ்சூருக்குப் பிழைக்கப் போனவர். அங்கேயே செத்தும் போனார். மகனுக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை இருந்தது, வேலை போனது. போன தையில் பெண்டாட்டியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, அப்பன் இருந்த மனையில் ஓலை வேய்ந்து அடுப்பு மூட்டினான். பாடு கேட்டான். நோட்டைப் பார்த்தார்கள். தேசப்பன் பெயர் இல்லை. இவன் பொறுக்காமல் ஒரு நாள் போய் வலை கட்டிவிட்டான். ஆட்கள் போய் வலையைப் பிடுங்கி வந்து அம்மன் கோயில் வாசலில் போட்டார்கள். பெயர் இல்லாதவன் வலை கட்டினால் வலையும் போகும், குப்பத்தில் இருக்கவும் முடியாது. அதுதான் எங்கள் கட்டுப்பாடு.

முருகேசன் என்னிடம் வந்தான். "அத்தே, எங்க நைனா பாடு கட்டினாரு, நான் கூடப் போயிருக்கேன். காகிதத்தப் பார்த்து நோட்டுல எழுதறப்ப எவனோ விட்டுட்டான். உன் டேப்புல இருக்கும். அதப் போட்டுக் காட்டு அத்தே."

"என் டேப்பில் இல்லாத பேரே கிடையாது" என்றேன். யோசிக்காமல் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஏழுமலை வந்தான். ஏழுமலை என் தம்பி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். இப்போது குப்பத்துக்குத் தலைவர் அவன்தான். உட்காரவில்லை.

"இன்னாக்கா, மீஞ்சூராளுக்கு வாக்கு குடுத்துட்டியாமே?"

"வாக்கு இல்லடா. டேப்பு இருக்குது, போட்டுக் காட்டறேன்னேன்."

"முகத்துவாரம் தூர்ந்துபோய் கெடக்குது, மீனு உள்ள வரல. நாப்பத்தோரு வீட்டுக்கே முறை வர்றதுக்குள்ள வாய் பொளந்து நிக்கறோம். இவன் ஒருத்தனா? இவனுக்குக் குடுத்தா திருவொற்றியூர் போனவன், எண்ணூர் போனவன் எல்லாம் ஓலையத் தூக்கினு வருவான். உன் பேரன் தலையெடுக்கறப்ப இன்னா இருக்கும்? சிப்பி பொறுக்குவானா?"

"பேர் இருந்தா குடுத்துத்தானேடா ஆகணும்."

"அதத்தான் சொல்றேன். டேப்பு பூஞ்சு புடிச்சுப்போச்சுனு சொல்லிடு. ஒரு வார்த்த. பொய்கூட இல்ல, முப்பது வருஷத்து டேப்பு, செத்துத்தான் இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "நான் வெச்ச டேப்பு சாகாது" என்றேன்.

"உன் பெருமைய உட்டுட்டுப் பேசு யக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது வாசலில் நின்று, "பஞ்சாயத்துல லேப்டாப்பு கீப்டாப்பு எல்லாம் ஒத்துக்க மாட்டாங்கோ. அதுல எவன் இன்னா வேணா டைப் அடிச்சிக் காட்டுவான். அந்தப் பழைய மிசின்லயே காட்டச் சொல்லு, பாக்கலாம்" என்றான். மிசின் ஓடாது என்று அவனுக்கு நிச்சயம்.

மிசின் உண்மையில் ஓடவில்லை. அப்படித்தான் பாஷா பாய் இதில் வந்தார். கம்ப்யூட்டரைத் திறந்து இரண்டு நாள் சூடு வைத்து எதையோ மாற்றினார், டி.வி.யில் எழுத்து வந்தது. ரெக்கார்டரைத் திறந்தால் உள்ளே ரப்பர் பெல்ட் வெல்லப்பாகு போல உருகிக் கிடந்தது. வேறு ரெக்கார்டர் கொண்டுவந்தார். கேசட்டை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"யக்கா, டேப்பு மேல இருக்கற மருந்து உதிருது. ஒரு ஓட்டு ஓடும். ரெண்டாவது ஓட்டுக்கு கியாரண்டி இல்ல."

"பஞ்சாயத்தில் போட்டு அங்கே நின்னுட்டா?"

"அதுக்குத்தான் இது." சட்டைப்பையில் இருந்து தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை எடுத்தார். அதில் ஒரு மெமரி கார்டு சொருகியிருந்தது. "டேப்ப ஒரே தரம் ஓட்டி, அந்தச் சத்தத்த இந்தக் கார்டுல புடிச்சிடலாம். அப்புறம் டேப்பு வேணாம். இந்த டப்பாவே டேப் ரெக்கார்டர். இதுல இருந்து வயரு, உன் மிசின் காதுக்குள்ள. மிசினுக்கு ஒண்ணும் தெரியாது, டேப்புனே நினைச்சுக்கும்."

முப்பது வருஷம் டின்னுக்குள் வைத்துக் காத்தது அந்த நகத்தளவு கார்டுக்குள் போகப் போகிறது. எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன்.

புது ரெக்கார்டருக்குத் தலை நேராக்க வேண்டும். முதல் பக்கத்தைத் தொடவில்லை. மறுபக்கத்தை நடுவில் போட்டு, வயரைப் பிடுங்கிவிட்டுக் காதை வைத்தேன். நண்டுதான் பிராண்டியது. திருகாணியைத் திருப்பினேன். இன்னும் மங்கியது. எதிர்ப்பக்கம் திருப்பினேன். என் கைக்கு இப்போது வயதாகிவிட்டது. மயிரிழை என்றால் மயிரிழையில் நிற்காது. திடீரென்று தகரத்தில் மழை விழுந்தது. கையை எடுத்தேன். டேப் அந்த இடத்திலேயே சிக்கி அறுந்தது. மறுபக்கம் போனது. அறுந்ததைப் பாய் மெல்லிய டேப் ஒட்டிச் சேர்த்தார். முதல் பக்கத்தின் தொடக்கத்துக்கு அது வெகு தூரம், பிழைத்தோம்.

பிறகு முதல் பக்கம். கார்டில் ஏற்றுவதற்காகப் பாயின் லேப்டாப்போடு வயரைச் சொருகிவிட்டோம், அதனால் சத்தம் இல்லை. லேப்டாப்பில் கோடு மட்டும் ஆடியது. "முன்னால இன்னாமோ ஆடுதே, இது மிசின் சத்தம் இல்லியே" என்றார் பாய்.

"அது என் பேச்சு. லேபிள்."

"வெட்டிடவா?"

"வெட்டாதீங்க. என் வேலையில பாதியை வெட்டிட்டா அது என் வேலையா?" என்றேன். என்ன பேசியிருந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வீம்புக்குத்தான் சொன்னேன்.

நாலு நிமிஷம் ஓடியது. முடிந்ததும் பாய் ரெக்கார்டரின் தலையைப் பஞ்சால் துடைத்துக் காட்டினார். பஞ்சு முழுக்கப் பழுப்பு. கேசட்டின் வேலை முடிந்துவிட்டது. இனி எல்லாம் கார்டில்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்து. எங்கள் குப்பத்தில் பாடு பேசுகிற இடத்தில் பெண்கள் உட்காருவதில்லை. மிசினுக்காக என்னை உள்ளே விட்டார்கள். மற்ற பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். முருகேசன் பெண்டாட்டி, வாசலில் கிடந்த வலையின் பக்கத்திலேயே நின்றாள். அந்த வலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாளா, வலையை விட்டுவிட்டு மீஞ்சூர் பஸ் ஏறுவாளா என்பது அந்த டி.வி.யில் தெரியப் போகிறது.

கோயில் கரண்டில் மிசினைப் போட்டோம். பாயின் தீப்பெட்டியில் இருந்து வயரை மிசினில் சொருகினேன். எல், ஓ, ஏ, டி தட்டினேன். பாய் பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. டி.வி. வெறுமனே நின்றது. ஒரு நிமிஷம் ஆனது.

"ஓடுதா, தூங்குதா?" என்று ஒருத்தர் கேட்டார். சிரித்தார்கள்.

"வயருக்குள்ள ஓடுது" என்றார் பாய்.

டி.வி.யில் கோடு கோடாக வந்தது. மிசின் பிடித்துக்கொண்டது. நாலு நிமிஷமும் என் கண் கோயில் பல்பின்மேல்தான் இருந்தது. அது ஒரு தரம் மங்கியது, எனக்கு உயிர் போய் வந்தது. கடைசியில் எழுத்து வந்தது. முருகேசன் கையெடுத்துக் கும்பிட்டான்.

பாய் ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஏழுமலை நோட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்தான். முதல் பெயர் சரி. இரண்டாவது சரி. பதினெட்டு, பத்தொன்பது. முருகேசன் உதடு பெயர்களோடு கூடவே அசைந்தது. நாற்பத்தொன்றோடு நின்றது. தேசப்பன் இல்லை.

"இன்னொரு தரம் படிங்க பாய்" என்றான் முருகேசன். படித்தார். இல்லை.

"நோட்டும் மிசினும் ஒண்ணு" என்றான் ஏழுமலை. அவன் குரலில் கெலிப்பு இல்லை, அலுப்புதான் இருந்தது. "எங்க அக்கா டேப்பு. யாரும் கொற சொல்ல முடியாது. முருகேசா, வலை கோயிலுக்கு. பத்து நாள் டைம் தரோம், மனையக் காலி பண்ணிடு." என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவன் கேட்டதற்கு மேலேயே நான் செய்துவிட்டேன் என்பது போல.

எனக்கு அப்போது நாற்பத்தொன்று என்ற எண்தான் இடித்தது. அந்த வருஷம் குப்பத்தில் நாற்பத்திரண்டு வீடு. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்தவள். கேசட்டின் தொடக்கத்தில் நாற்பத்திரண்டு என்றுதான் சொல்லியிருப்பேன். அப்புறம் ஏன் நாற்பத்தொன்று? யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வந்தது. அந்த வாரம் மேளச் சத்தம். தேசப்பனின் அம்மா செத்த வாரம் அது.

சாவுத் தீட்டு உள்ள வீட்டின் பெயரை நாங்கள் பாடு லிஸ்ட்டில் எழுத மாட்டோம். பதினாறாம் நாள் காரியம் கழிந்த பிறகுதான் சேர்ப்போம். எழுதினால் வலையில் மீன் படாது, ஏரியில் ஆள் போவான் என்று பயம். நோட்டில் அப்படித்தான் வழக்கம். அடுத்த மாதம் சேர்த்துவிடுவார்கள். நான் மிசினிலும் அதையே செய்தேன். மேடத்தோடு எனக்கு வந்த ஒரே வழக்கு அதுதான். பதினாறு கழிந்து சேர்த்திருக்க வேண்டும். அதற்குள் மேடத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. கேட்க ஆள் இல்லை. நான் சேர்க்கவில்லை.

அப்படியானால் நோட்டில் எவனும் விடவில்லை. நான்தான் விட்டேன். சுனாமிக்குப் பிறகு உயரமாக நடந்தேன் என்று சொன்னேனே, அந்தக் காகிதத்திலேயே அந்த வீட்டை விட்டுவிட்டுத்தான் நடந்திருக்கிறேன்.

இது அங்கே ஒருவருக்கும் தெரியாது. கேசட் உதிர்ந்துபோனது. தெரிந்தது எனக்கும் அந்தத் தீப்பெட்டிக்கும்தான். சும்மா இருந்துவிட்டால் என் பெயர் அப்படியே இருக்கும். தம்பிக்கும் நல்லது, என் பேரனின் பாடு முறைக்கும் நல்லது. ஆட்கள் எழுந்து துண்டை உதறினார்கள். வாசலில் முருகேசன் பெண்டாட்டி வலையில் இருந்து கையை எடுத்துவிட்டாள். அதைப் பார்த்தேன்.

"பாய், வயரைப் பிடுங்குங்க" என்றேன்.

"முடிஞ்சுதாக்கா?"

"முடியல. மிசினில் இருந்து பிடுங்கி அதில் சொருகுங்க." கோயில் மைக்செட்டைக் காட்டினேன். "முதல்ல இருந்து போடுங்க."

"இன்னாக்கா பண்ற?" என்றான் ஏழுமலை.

"லேபிளைப் படிக்கிறேன்டா."

பாய் சொருகி அழுத்தினார். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் கரகர என்றது. பிறகு ஒரு பெண்ணின் குரல். முப்பது வயதுக் குரல். எனக்கே அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"நம்ம குப்பத்துப் பாடு லிஸ்ட்டு. மொத்தம் நாப்பத்திரண்டு வீடு. மிசின்ல நாப்பத்தொண்ணு கீது. தேசப்பன் வீடு தீட்டு. பதினாறு கழிச்சி சேக்கணும்."

தூரத்தில் இன்னொரு குரல், உயராத குரல். "அதையும் இப்பவே டைப் பண்ணிடு, கன்னியம்மா."

"மேடம், தீட்டு வீட்டுப் பேரை எழுதக்கூடாது. நான் வாயால சொல்லிட்டேன், போதும்."

"வாயால சொன்னது மிசின்ல இருக்காது. நாளைக்கு யாராவது மிசினை மட்டும் பார்த்தா?"

"எவன் பார்க்கப் போறான் மேடம்? அப்டியே பார்த்தாலும் நான் இருக்கேன்ல? எனக்குத் தெரியாதா?"

டீயின்மேல் சாசரைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் ஒன்று கேட்டது. அதன் பிறகு மிசினின் சத்தம் வந்து கோயிலையே அடைத்தது. பாய் நிறுத்தினார்.

ஏழுமலைதான் முதலில் பேசினான். "யக்கா, இது உன் குரலுதானே?"

"என் குரல்தான். தப்பும் என்னுதுதான். நோட்டு எழுதினவங்க மேல குத்தம் இல்ல. நான் சேர்க்கல. சேர்க்காத காகிதத்தைத்தான் குடுத்தேன்."

பாடு பேசுகிற மண்டபத்தில் நான் வாய்விட்டுப் பேசினது அதுதான் முதல் தரம். வெளியே போ என்று ஒருவரும் சொல்லவில்லை.

"நானு நானுன்னு எங்கள எல்லாம் ஏறி மிதிச்சியே" என்றான் தம்பி மெதுவாக. "அந்தம்மா சொல்லச் சொல்லக் கேக்காம." அவன் சொன்னதில் ஒரு எழுத்துக் கூடத் தப்பு இல்லை. நின்று கேட்டுக்கொண்டேன். பெரியவர்கள் இரண்டு பேர் தங்களுக்குள் பேசினார்கள். ஒருவர், "அந்தக் கெழவி செத்தது எனக்கும் ஞாபகம் வருது ஏழுமலை. தீட்டுல உட்ட பேரு உட்ட பேரு ஆவாது" என்றார். ஏழுமலை நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பேனா கேட்டு வாங்கி, நாற்பத்தொன்றுக்குக் கீழே எழுதினான். முருகேசன் பெண்டாட்டி வலையை இழுத்துத் தோளில் போட்டாள். ஒருத்தருக்கும் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் வலை.

ஏழுமலை இன்னும் என் வீட்டுக்கு வரவில்லை. எல்லாருக்கும் முறை ஒரு நாள் தள்ளிப்போயிருக்கிறது. முறை தள்ளுகிற ஒவ்வொரு வீட்டிலும் அன்றைக்கு என் பெயர் அடிபடுகிறது. அது நான் எழுதாமல் விட்டதுக்கு வந்தது, பட்டுக்கொள்கிறேன்.

அன்று எல்லாரும் கலைவதற்கு முன்னால் நான் மிசினை அணைக்கவில்லை. வயரை மிசினில் திரும்பச் சொருகச் சொல்லி, லிஸ்ட்டின் அடிக்குப் போனேன். பாய் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, கீபோர்டில் தேடித் தேடித் தேசப்பன் பெயரைத் தட்டினேன். டி.வி.யில் நாற்பத்திரண்டு என்று வந்தது. பாய் தன் பெட்டியைப் பதிகிற பக்கம் மாற்றினார். முதலில் கார்டில் என் குரலைப் பதியச் சொன்னேன். "நாப்பத்திரண்டு வீடு. மிசின்லயும் நாப்பத்திரண்டு" என்றேன். பிறகு மிசினின் சத்தம் ஏறியது.

"ஆச்சுக்கா" என்று பாய் கார்டைப் பிடுங்கப் போனார்.

கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னொரு தரம்" என்றேன்.